லாட் போனாலும் பில் நிற்க வேண்டும்: பல டேபிள் நீக்கலைச் சோதித்தல்

ஒரு டிலீட் கட்டளை ஓடி முடிந்ததும் எத்தனை பதிவுகள் போயின என்று டேட்டாபேஸ் சொல்லும். சோதனை எழுதுபவர்களில் பலர் அந்த எண்ணைச் சரிபார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஒரே டேபிளில் ஒரு பதிவை நீக்கும்போது அது போதும். ஐந்தாறு டேபிள்களில் கிளை பரப்பி நிற்கும் ஒன்றை நீக்கும்போது அந்த எண்ணை நம்ப முடியாது. கேஸ்கேடு விதியால் தாமாகப் போகும் பிள்ளைப் பதிவுகளை மைஎஸ்கியூஎல்லும் போஸ்ட்கிரெஸும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒன்று நீங்கியது என்று திரை சொல்லும், உள்ளே ஆயிரம் போயிருக்கும். போக வேண்டியது போனதா என்பது சுலபமான கேள்வி. இருக்க வேண்டியது இருக்கிறதா என்பதுதான் கடினம். இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்த இரண்டாம் கேள்வியைப் பற்றியது.

பயிற்சிக்கு ஒரு மிளகு வியாபாரியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஊர் கொச்சியின் மட்டாஞ்சேரி. இடுக்கியிலும் வயநாட்டிலும் பறித்துக் காயவைத்த மிளகு நூற்றாண்டுகளாக வந்து சேரும் இடம். பஜார் ரோட்டுக் கிடங்குகளுக்கு முன்வாசல் தெருவில், பின்வாசல் காயலில். அங்கே ஜூ டவுனில் இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கத்தின் முன்பேர வணிகம் 1957-ல் தொடங்கியது. ஸ்பைசஸ் போர்டின் தலைமையகமும் இதே கொச்சியில்தான் இருக்கிறது. மிளகைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. ஒரு லாட் மிளகு மூட்டைகளாகப் பிரியும், சாம்பிளாகச் சோதனைக்கூடம் போகும், வேறொரு லாட்டோடு சேர்ந்து ஒரே பில்லில் விற்கும். டேபிள்களுக்கு இடையே வரக்கூடிய எல்லா வகை உறவும் இந்த ஒரு சரக்கில் இருக்கிறது.

பழைய பதிவை அழிப்பது எவ்வளவு கனமான முடிவு என்பதையும் கொச்சி மிளகே காட்டியிருக்கிறது. 2012 டிசம்பரில், என்சிடெக்ஸ் பண்டச் சந்தையின் அங்கீகாரம் பெற்ற கொச்சிக் கிடங்குகளில் இருந்த மிளகில் மினரல் ஆயில் கலந்திருப்பதாக உணவுப் பாதுகாப்புத் துறை கண்டு முத்திரை வைத்தது. 6,000 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு. விவகாரம் நீதிமன்றம் வரை போய், சரக்கைச் சுத்தம் செய்து வெளியே எடுக்க ஆண்டுகள் ஆயின. அப்படிப்பட்ட நாளில் கிடங்குக்காரரிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: எந்த லாட், யார் கொடுத்தது, எந்த சாம்பிள், என்ன அறிக்கை? 'பழைய சீசன் லாட்டுகளை நீக்கு' என்ற பொத்தான் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியைத் தின்றிருந்தால் நல்ல சரக்குக்கும் கெட்ட சரக்குக்கும் வித்தியாசம் காட்ட வழியில்லாமல் போகும்.

டேபிள்களும் அவற்றின் விதிகளும்

நம் மாதிரியில் மையம் 'லாட்டுகள்' டேபிள். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு சப்ளையர் உண்டு. லாட்டின் கீழே 'மூட்டைகள்', மூட்டையின் கீழே 'எடைச்சீட்டுகள்'. லாட்டிலிருந்து எடுத்த 'சாம்பிள்கள்' தனி டேபிள். ஒவ்வொரு சாம்பிளும் ஒரு 'சோதனை அறிக்கை'யைச் சுட்டும். அறிக்கை இன்னும் வராத சாம்பிளில் அந்த இடம் காலி, அதாவது நல். ஒரே அறிக்கை இரண்டு லாட்டின் சாம்பிள்களுக்கும் பொதுவாக இருக்கலாம். விற்ற சரக்குக்கு 'பில்கள்', ஒவ்வொரு பில்லிலும் எந்த லாட்டிலிருந்து எவ்வளவு என்ற 'பில் விவரங்கள்'. கடைசியாக 'கிடங்கு அடுக்குகள்': ஒவ்வொரு அடுக்கிலும் இப்போது எந்த லாட் இருக்கிறது என்ற சுட்டு.

கோடு ஒரு வரிகூட எழுதும் முன் கணக்குப்பிள்ளையிடமும் முதலாளியிடமும் உட்கார்ந்து, ஒவ்வொரு உறவுக்கும் லாட் போனால் என்ன ஆக வேண்டும் என்று கேளுங்கள். மூட்டையும் எடைச்சீட்டும் கூடவே போகலாம்: கேஸ்கேடு. அடுக்கு இருக்கும், அதன் சுட்டு மட்டும் காலியாகும்: செட் நல். பில் விவரம் இருந்தால் லாட்டை நீக்கவே விடக் கூடாது: ரெஸ்ட்ரிக்ட். அறிக்கை, வேறு லாட்டின் சாம்பிள் அதைச் சுட்டும் வரை நிற்க வேண்டும். அதன்பின்? இதற்கு டேட்டாபேஸில் ஆயத்தமான விதி கிடையாது. கேஸ்கேடு தாயிலிருந்து பிள்ளைக்குத்தான் போகும், பிள்ளையிலிருந்து அது சுட்டும் பதிவுக்குத் திரும்பி ஏறாது. முதலாளி சொல்லும் பதிலை நீங்களே கோடாக எழுத வேண்டும், தனியாகச் சோதிக்கவும் வேண்டும்.

பில்லைப் பற்றி முதலாளிக்கும் விருப்பச் சுதந்திரம் இல்லை. 2017-ன் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. 2023-24 நிதியாண்டுக்கான கடைசி நாள் 2024 டிசம்பர் 31. ஆக 2030 டிசம்பர் முடியும் வரை அந்த ஆண்டின் பில்கள் நிற்க வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ இருந்தால் இன்னும் நீளும். இந்தத் தேதியின் இருபக்கமும் ஒரு சோதனை எழுதுங்கள்: கடைசி நாளில் நீக்க முயன்றால் மறுக்க வேண்டும், மறுநாள் அனுமதிக்க வேண்டும். 2012-ல் நடந்ததுபோல் சரக்கு முடங்கினால் 72 மாதமும் போதாது. லாட்டில் 'நிறுத்தி வை' என்று ஒரு குறி வைத்து, அது இருக்கும் வரை வயதைப் பார்க்காமல் மறுக்க வேண்டும்.

சோதனைக்கு விதைக்கும் பதிவுகள்

இங்கேதான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். நான் பார்த்த மோசமான நீக்கல் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே நோய்: டேட்டாபேஸில் ஒரே ஒரு லாட்டை விதைத்து, அதை நீக்கி, எல்லா டேபிளும் காலி என்று சரிபார்ப்பது. கட்டளையில் 'வேர்' நிபந்தனைப் பகுதியையே எழுத மறந்து எல்லாவற்றையும் அழித்தாலும் அந்தச் சோதனை பச்சை காட்டும். நீக்கப்போகும் லாட்டுக்கு அக்கம்பக்கம் வேண்டும்.

முதல் அண்டை, அதே எண் கொண்ட முந்தைய சீசன் லாட். பல வியாபாரிகள் சீசன் தோறும் லாட் எண்ணை ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். கிடங்குக்குக் கிடங்கு தனி வரிசையும் வைப்பார்கள். லாட் எண், சீசன், கிடங்கு மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு லாட்டை அடையாளம் காண முடியும். ஜாயினில் எண்ணை மட்டும் எழுதியவரின் கட்டளை இந்த ஆண்டின் 12-ஆம் லாட்டோடு போன ஆண்டின் 12-ஐயும், பக்கத்துக் கிடங்கின் 12-ஐயும் சேர்த்துக் கொண்டுபோகும்.

அடுத்தது, மூட்டைகள் வந்து இறங்கி இன்னும் சாம்பிள் எடுக்காத லாட். மைஎஸ்கியூஎல்லில் ஒரே டிலீட் கட்டளையில் பல டேபிள்களின் பெயரை எழுதி, அவற்றை ஜாயின் செய்து நீக்கலாம். இன்னர் ஜாயினாக எழுதினால் சாம்பிள் இல்லாத லாட் ஜாயினிலேயே உதிர்ந்துவிடும். பூஜ்யம் பதிவுகள் நீங்கின என்று வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. லாட்டும் மூட்டையும் அப்படியே இருக்கும். லெஃப்ட் ஜாயின் வேண்டும் என்பதை இந்த ஒரு பதிவுதான் கண்டுபிடிக்கும். மூட்டைகூட வராத வெறும் லாட் ஒன்றையும் விதையுங்கள். சாம்பிள் எடுத்து அறிக்கை வராதது ஒன்று, அறிக்கையைப் பகிர்ந்துகொள்ளும் இரு லாட்டுகள், பாதி விற்றுப் பில் போட்டது ஒன்று, 'நிறுத்தி வை' குறியுள்ளது ஒன்று, இவையும் இருக்க வேண்டும்.

விதைக்கும் பிரைமரி கீ எண்களைப் பற்றி ஒரு பிடிவாதமான அறிவுரை: எல்லா டேபிளிலும் அந்த எண்ணை 1, 2, 3 என்று தொடங்காதீர்கள். லாட் 1-க்கு மூட்டை 1, மூட்டை 1-க்குச் சீட்டு 1 என்று இருந்தால், மூட்டை எண் வர வேண்டிய இடத்தில் லாட் எண்ணை எழுதிய தவறான ஜாயினும் சரியாகவே ஓடும். லாட்டுகளை 1001-லிருந்தும் மூட்டைகளை 20001-லிருந்தும் சாம்பிள்களை 5001-லிருந்தும் தொடங்குங்கள்; எண்கள் எங்கும் மோதக் கூடாது.

இந்தப் பிடிவாதத்துக்கு நியாயம் சேர்க்கும் சம்பவம் 2022 ஏப்ரல் 5 அன்று நடந்தது. ஜிரா மென்பொருளைத் தயாரிக்கும் அட்லாசியன் நிறுவனத்தில், வழக்கொழிந்த ஒரு துணைச் செயலியை வாடிக்கையாளர் தளங்களிலிருந்து நீக்க ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினார்கள். அதற்குக் கொடுத்த பட்டியலில் செயலியின் அடையாள எண்களுக்குப் பதில் முழுத் தளங்களின் அடையாள எண்கள் இருந்தன. ஸ்கிரிப்ட் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். எது வந்திருக்கிறது என்று கேட்காது. நீக்கியதாகக் குறியிட்டு வைக்கும் முறையும் இருந்தது, நிரந்தரமாக அழிக்கும் முறையும் இருந்தது. அன்று ஓடியது இரண்டாவது. அரை மணி நேரத்துக்குள் 883 தளங்கள் போயின, 775 வாடிக்கையாளர்கள் சேவை இழந்தார்கள். சிலருக்குத் திரும்பக் கிடைக்க 2 வாரம்வரை ஆனது. நம் மாதிரியில் இதற்கு நேரான சோதனை எளியது: லாட் எண் கேட்கும் இடத்தில் ஒரு சப்ளையர் எண்ணைக் கொடுங்கள். ஒரு பதிவும் அசையாமல் மறுப்பு வர வேண்டும். கூடவே, ஒரே ஓட்டத்தில் இத்தனை லாட்டுக்கு மேல் நீக்கக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்து, அந்த வரம்பை ஒன்றால் மீறும் சோதனையையும் எழுதுங்கள்.

முன்படம், பின்படம்

நீக்குவதற்கு முன் ஒவ்வொரு டேபிளின் எல்லாப் பதிவுகளையும் அப்படியே பிரதி எடுங்கள். நீக்கியபின் மீண்டும் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், நீங்கள் முன்கூட்டி எழுதிவைத்த பட்டியலோடு அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடாதீர்கள். 12-ஆம் லாட்டின் மூன்று மூட்டைகளுக்குப் பதில் 13-ஆம் லாட்டின் மூன்று மூட்டைகள் போயிருந்தாலும் எண்ணிக்கை பொருந்தும். பிரைமரி கீக்களை மட்டும் ஒப்பிடுவதும் போதாது. செட் நல் விதியால் கிடங்கு அடுக்கின் பதிவு போகாது, அதன் உள்ளே ஒரு நிரல் மட்டும் மாறும். எல்லா நிரல்களையும் ஒப்பிட்டால்தான் அது தெரியும்.

எந்தெந்த டேபிளைப் படம் எடுப்பது என்ற பட்டியலைக் கையால் எழுதாதீர்கள். இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஆண்டு யாரோ 'ஏற்றுமதிச் சான்றுகள்' என்று ஒரு டேபிளைச் சேர்ப்பார். கைப்பட்டியலில் அது இருக்காது. இதையே இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். லாட்டைச் சுட்டும் எல்லா ஃபாரின் கீக்களையும் அவற்றின் நீக்கல் விதிகளையும் ஸ்கீமாவிலிருந்து படித்து, முதலாளியோடு பேசி எழுதிய விதிப் பட்டியலோடு ஒப்பிடும் ஒரு சோதனை. பட்டியலில் இல்லாத புதிய கீ வந்தால் சோதனை விழும். புது டேபிளைச் சேர்ப்பவர் லாட் போனால் இது என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. இந்த நூலில் உள்ள சோதனைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள உங்களுக்கு நேரம் இருந்தால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

யாரும் சுட்டாத அறிக்கைகளைத் தேடும் வினாவில் ஒரு பள்ளம் இருக்கிறது. சாம்பிள்களில் உள்ள அறிக்கை எண்களை ஒரு துணை வினாவில் எடுத்து, அதில் 'நாட் இன்' என்று எழுதுவது பழக்கம். அறிக்கை வராத ஒரே ஒரு சாம்பிள் இருந்தாலும் துணை வினாவில் ஒரு நல் வரும். அப்போது 'நாட் இன்' எந்தப் பதிவையும் திருப்பாது. நீக்கும் கோடு ஒன்றையும் நீக்காது. அதே வினாவைச் சோதனையிலும் பயன்படுத்தியிருந்தால் அநாதை அறிக்கைகள் இல்லை என்று அதுவும் சொல்லும். இரண்டு பிழையும் ஒன்றையொன்று மூடிக்கொள்ளும். 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' எழுதுங்கள்.

பாதியில் நின்றால்

ஆறு டேபிள்களில் நீக்கும் வேலை நான்காவதில் விழுந்தால் முதல் மூன்றும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இதைச் சோதிக்க மின்சாரத்தைப் பிடுங்க வேண்டியதில்லை. பில் போட்ட லாட்டை நீக்கச் சொல்லுங்கள். மூட்டைகளையும் சாம்பிள்களையும் முதலில் நீக்கிவிட்டுக் கடைசியில் லாட்டுக்கு வரும் கோடு, அங்கே ரெஸ்ட்ரிக்ட் விதியில் முட்டிக்கொள்ளும். அதன்பின் படம் எடுத்துப் பார்த்தால் ஒரு மூட்டைகூடக் குறைந்திருக்கக் கூடாது. குறைந்திருந்தால் முழு வேலையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் இல்லை என்று பொருள்.

பல சோதனைச் சட்டகங்கள் ஒவ்வொரு சோதனையையும் ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஓட்டி, முடிவில் ரோல்பேக் செய்யும். வேகம், சுத்தம் இரண்டும் கிடைக்கும். ஆனால் கமிட் வரை தள்ளிவைத்துச் சரிபார்க்கும் ஃபாரின் கீக்கள் அங்கே ஒருபோதும் சரிபார்க்கப்படுவதில்லை, ஏனென்றால் கமிட்டே நடப்பதில்லை. போஸ்ட்கிரெஸில் ரோல்பேக்குக்கு முன் எல்லாக் கட்டுப்பாடுகளையும் 'இமீடியட்' ஆக மாற்றும் கட்டளையைக் கொடுத்தால் அந்த இடத்திலேயே சரிபார்ப்பு நடக்கும். சில சோதனைகளையாவது நிஜமாகக் கமிட் செய்து ஓட்டுங்கள்.

இரண்டு இணைப்புகளைத் திறந்து மோதவிடும் சோதனையும் ஒன்று வேண்டும். அலுவலகத்தில் ஒருவர் லாட்டை நீக்கிக்கொண்டிருக்கும்போதே கிடங்கில் இன்னொருவர் அதே லாட்டுக்குப் புது மூட்டை பதிகிறார். ஃபாரின் கீ இருந்தால் பின்னவர் காத்திருப்பார், அல்லது பிழை பெறுவார். அது இல்லாமல் கோடே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று விட்ட இடத்தில் தாயில்லாத மூட்டை பிறக்கும்.

எந்த டேட்டாபேஸில் ஓட்டுகிறீர்கள்

நிஜக் கணக்கு போஸ்ட்கிரெஸில் இருக்க, சோதனையை மட்டும் எஸ்கியூலைட்டில் ஓட்டுவது பரவலான பழக்கம். நீக்கலுக்கு அது கூடாது. எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ விதிகள் இயல்பாக அணைந்திருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் பிராக்மா கட்டளை கொடுத்து இயக்க வேண்டும். மறந்தால் கேஸ்கேடும் நடக்காது, ரெஸ்ட்ரிக்டும் தடுக்காது. மைஎஸ்கியூஎல் 8.0-ல் கேஸ்கேடால் போகும் பதிவுகளுக்கு டிரிகர் ஓடாது. நீக்கிய மூட்டைகளை டிரிகர் வைத்துத் தணிக்கைப் பதிவேட்டில் எழுதுபவர்கள் அந்தப் பதிவேடு காலியாக இருப்பதைப் பார்ப்பார்கள். போஸ்ட்கிரெஸில் டிரிகர் ஓடும். அங்கே வேறோர் ஆபத்து: டிரன்கேட் கட்டளையோடு கேஸ்கேடு சேர்த்தால், சுட்டும் டேபிள்களில் நீங்கள் ரெஸ்ட்ரிக்ட் வைத்திருந்தாலும் அவை முழுதாகக் காலியாகும். சோதனைக்குப் பின் துப்புரவு செய்யும் கோடில் அது இருந்தால், நிஜ டேட்டாபேஸின் முகவரி அந்தக் கோடுக்கு எட்டவே கூடாது.

வேகத்தையும் நிஜ அளவில்தான் பார்க்க முடியும். ஃபாரின் கீ நிரலுக்கு போஸ்ட்கிரெஸ் தானாக இன்டெக்ஸ் போடாது. இருபது பதிவுள்ள சோதனை டேபிளில் வித்தியாசம் தெரியாது; லட்சக்கணக்கான எடைச்சீட்டுகள் சேர்ந்தபின் ஒவ்வொரு மூட்டை நீங்கும்போதும் முழு டேபிளையும் படிக்க நேரும்.

ஆளின் விவரம் போக, பில் நிற்க

ஒரு சப்ளையர், இடுக்கியில் சிறு தோட்டம் வைத்திருப்பவர், இனி உங்களோடு வியாபாரம் இல்லை, என் விவரங்களை அழியுங்கள் என்கிறார். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த உரிமையை 12-ஆம் பிரிவில் தருகிறது. வேறொரு சட்டப்படி வைத்திருக்க வேண்டியதற்கு விலக்கும் தருகிறது. ஆக, சப்ளையர் பதிவை நீக்கி லாட், பில் என்று கேஸ்கேடு ஓடவிடுவது தவறு. ஒன்றும் செய்யாமல் விடுவதும் தவறு. கைபேசி எண்ணும் வங்கிக் கணக்கும் போக வேண்டும், கணக்குக்குச் சட்டம் கேட்கும் விவரம் நிற்க வேண்டும். சோதனையில் வேறெங்கும் வராத ஒரு கைபேசி எண்ணை விதைத்து, அழித்தபின் எல்லா டேபிளின் எல்லா எழுத்து நிரல்களிலும் அதைத் தேடுங்கள். எடைச்சீட்டின் 'குறிப்பு' நிரலில் கிடங்குக்காரர் எழுதிவைத்த எண் அப்போதுதான் அகப்படும்.

மீட்டுப் பார்த்தல்

அட்லாசியனிடம் பேக்கப் இருந்தது. மற்ற வாடிக்கையாளர்கள் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில், போனவர்களை மட்டும் தேர்ந்து திரும்பச் சேர்ப்பதுதான் நாள்களைத் தின்றது. முழு பேக்கப்பை ஏற்றிப் பார்த்தேன், வேலை செய்கிறது என்பவர்களிடம் ஒற்றை லாட்டை மட்டும் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். தாய் டேபிளிலிருந்து தொடங்கிப் பிள்ளைக்கு இறங்க வேண்டும். பழைய எண்களையே வைக்க வேண்டும். நடுவில் வந்த புதுப் பதிவுகளைத் தொடக் கூடாது. அந்தப் புதுப் பதிவுகளை விட்டுப் பார்த்தால், முடிந்ததும் எடுக்கும் படத்துக்கும் முதல் முன்படத்துக்கும் வித்தியாசம் காலியாக வர வேண்டும். முதல் முறை ஓட்டும்போது பெரும்பாலும் வராது. கிடங்கு அடுக்குகளில் பிசகும். லாட், மூட்டை, சாம்பிள் எல்லாம் நீங்கிய பதிவுகள், ஆகவே மீட்பு ஸ்கிரிப்ட் அவற்றைத் தேடிப் பிடித்துவிடும். அடுக்கின் பதிவு நீங்கவே இல்லை, அதன் சுட்டு மட்டுமே நல் ஆனது. அதில் முன்பு எந்த லாட் இருந்தது என்று தேட யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். செட் நல் விதி போட்ட ஒவ்வொரு நிரலுக்கும் பழைய மதிப்பை நீக்கும் நேரத்திலேயே ஒரு தனி டேபிளில் குறித்துவைத்து, மீட்பு ஸ்கிரிப்டை அங்கிருந்து படிக்கச் செய்யுங்கள்.